கம்பும் காலமும்

சிலம்பக் கூடத்திற்கு முதன்முதலாக வரும் இளைஞனுடைய உள்ளத்தில், திருவிழாக் கூட்டத்தின் நடுவில் தான் கண்ட வீரனைப் போலத் தானும் ஒரு கம்பைப் பற்றி, அது கம்பு என்பதே தெரியாமல் வெறும் வட்டமாகக் கண்ணில் படும்படி சுழற்றிவிட வேண்டும் என்ற ஆசையே நிறைந்திருக்கும். ஆனால் பழைய முறையில் பயிற்றுகிற ஆசான் அவன் கையில் உடனே கம்பைக் கொடுத்துவிடுவதில்லை. எப்படி நிற்பது, எந்தக் காலை முன்வைப்பது, உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எப்படி மாற்றுவது, திரும்பும்போது குதிகால் எங்கே ஊன்ற வேண்டும் என்று காலடிகளையே அவர் நாள்தோறும் திருத்திக்கொண்டிருப்பார். கம்பு கைக்கு வந்த பிறகும், ஒற்றை வீச்சு ஒன்றையே வலமும் இடமுமாக வாரக்கணக்கில் சுழற்றச் சொல்வார். இத்தாமதம் சிலருக்கு வித்தையை ஒளித்துவைக்கும் உபாயமாகத் தோன்றுகிறது. சிலருக்குக் குருபக்தியைச் சோதிக்கும் சடங்காகத் தோன்றுகிறது. சென்ற இரு நூற்றாண்டுகளில் நரம்பியலும் உடலியலும் மனோதத்துவமும் கண்டறிந்த உண்மைகளை வைத்துப் பார்த்தால், இவ்விரண்டு எண்ணங்களும் பிழையென்பது விளங்கும். மனித சரீரம் ஒரு புதிய தொழிலைத் தனதாக்கிக்கொள்ளும் வேகமே அவ்வளவுதான். அந்த வேகத்தை அறிந்து அதற்கு இசைந்து நடப்பதற்கே பொறுமை என்று பெயர்.

முதலில், கம்பு சுழலும்போது என்ன நிகழ்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நெற்றியளவு உயரமுள்ள, ஏறத்தாழ 5½ அடி நீளமான மூங்கிற் கம்பு ஒன்றை நடுவில் பிடித்து, விநாடிக்கு 3 சுற்று வீதம் ஒருவன் சுழற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து கம்பின் நுனி 84 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு அந்த நுனி கடக்கும் தூரம் 5 மீட்டருக்கும் சற்று மேல்; எனவே ஒரு விநாடியில் அது கிட்டத்தட்ட 16 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்தின் வேகம் இது. மனிதன் கண்ணால் ஒன்றைக் கண்டு, அதற்கேற்பக் கையை அசைக்கத் தொடங்குவதற்கு, மிக எளிய செயலாயினும், விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு காலம் பிடிக்கும். அந்தச் சிறு பொழுதுக்குள் கம்பு அரைச் சுற்றுக்கு மேல் திரும்பிவிடுகிறது; நுனி 3 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆகையால், கம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன்படி கையைத் திருப்புவது இயலாத காரியம். கண் சொல்லும் செய்தி மூளைக்கு எட்டும் வேளையில் அச்செய்தி பழங்கதையாகிவிடுகிறது.

அப்படியானால் தேர்ந்தவர் எவ்வாறு சுழற்றுகிறார்? அவர் கம்பு இருக்கும் இடத்தை நோக்கிக் கையை இயக்குவதில்லை. அது வந்து சேரப்போகும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து, அங்கே கை தயாராக இருக்கும்படி கட்டளையை முன்னதாகவே அனுப்பிவிடுகிறார். இந்த முன்னறிவு மந்திரமும் அன்று, பிறவி வரமும் அன்று. மூளைக்குள் அணு அணுவாகக் கட்டப்படும் ஓர் அமைப்பு. அதில் பெரும்பங்கு வகிப்பது தலையின் பின்புறத்தில், பெருமூளைக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் சிறுமூளை. மூளையின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடைய அவ்வுறுப்பில், மூளையிலுள்ள நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அடங்கியிருக்கிறது என்பது வியப்புக்குரிய செய்தி.

சிறுமூளையின் நரம்பணுக்களுள் தலைமையானவை, 1837ஆம் ஆண்டில் அவற்றை விவரித்த செக் நாட்டு அறிஞர் பூர்கின்யேயின் பெயரால் வழங்கப்படுகின்றன. கிளைவிரித்த மரம் போன்ற ஒவ்வொரு பூர்கின்யே அணுவுக்கும் இருவகைச் செய்திகள் வருகின்றன. கை எங்கே இருக்கிறது, எந்தத் தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது, என்ன கட்டளை பிறந்திருக்கிறது என்பன போன்ற செய்திகள் லட்சத்திற்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளின் வழியே வந்து சேர்கின்றன. மற்றொரு வகைச் செய்தியைக் கொண்டுவருவதோ ஒரே ஓர் இழை. நினைத்ததற்கும் நடந்ததற்கும் வேற்றுமை நேர்ந்ததென்று அறிவிப்பது அதன் முக்கியமான பணி என்று கருதப்படுகிறது. அந்த ஒற்றை இழை பிழையை அறிவிக்கும் தருணத்தில் எந்த மெல்லிய இழைகள் செயற்பட்டுக்கொண்டிருந்தனவோ, அவற்றின் இணைப்பு சிறிது வலுக்குன்றுகிறது. அவ்வொற்றை இழையின் செய்தியால் இணைப்புகள் மாறும் என்று டேவிட் மார் 1969இலும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971இலும் தத்தம் வழியில் ஊகித்தார்கள்; அவை வலுக்குன்றுவதை ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ 1982இல் சோதனையால் மெய்ப்பித்தார். சிறுமூளை கற்கும் வழி இது ஒன்றே அன்று. ஆயினும் இதிலிருந்து தெளிவாகும் ஓர் உண்மை பயில்வோர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டியது. கம்பு கணுக்காலில் தட்டும் ஒவ்வொரு முறையும், மணிக்கட்டு திரும்ப வேண்டிய கணத்திற்கு முன்னோ பின்னோ திரும்பும் ஒவ்வொரு முறையும், மூளை கற்பதற்கான மூலப்பொருள் அதற்குக் கிடைக்கிறது. ஒரு பிழையால் நேரும் திருத்தம் மிகச் சிறியது. சிறியதாக இருப்பதே நன்மை. ஒரே பிழையால் எல்லா இணைப்புகளும் புரண்டுவிடுமாயின், நேற்றுக் கற்றது இன்று நிலைக்காது.

இனி, தொடக்கநிலையில் இருப்பவனுடைய கையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். விரல்கள் வெளுக்கும்படி அவன் கம்பை இறுகப் பற்றியிருக்கிறான். மணிக்கட்டு அசையவேண்டிய இடத்தில் முழங்கை அசைகிறது, முழங்கை அசையவேண்டிய இடத்தில் தோள் முழுவதும் தூக்கிக்கொள்கிறது, தாடை இறுகியிருக்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது. 'கையைத் தளர விடு' என்று ஆசான் நூறு முறை சொல்லியும் அவனால் தளர விட முடிவதில்லை. இதற்குக் காரணம் பிடிவாதமன்று. தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையில் ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என்று நம் கை ஏழு வழிகளில் அசையக்கூடியது. விரல்களைச் சேர்த்தால் அவ்வழிகள் இன்னும் பலவாகும். இவ்வளவையும் ஒரே சமயத்தில் ஆளத் தெரியாத மூளை, எதிரெதிரான தசைகளை ஒருங்கே இறுக்கி, சில மூட்டுகளை அசையவிடாமல் பூட்டிவைத்துக்கொண்டு, எஞ்சிய ஒன்றிரண்டை மட்டும் இயக்கிப் பார்க்கிறது. அந்த விறைப்பு, அறியாமையில் உடல் தேடிக்கொள்ளும் பாதுகாப்பு. நாளடைவில் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. இறுதியில் கம்பின் சொந்த வேகத்தையே கை தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

இந்த விஷயத்தை முதலில் சிந்தித்து விளக்கியவர் ரஷ்ய அறிஞர் நிகோலாய் பெர்ன்ஷ்டைன். 1920களில் மாஸ்கோவிலிருந்த தொழில் ஆராய்ச்சி நிலையத்தில், உளியின் மீது சம்மட்டியால் அடிக்கும் தொழிலாளர்களின் கையசைவுகளை அவர் படமெடுத்து ஆராய்ந்தார். தேர்ந்த தொழிலாளியின் சம்மட்டி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் அவனுடைய தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபட்ட பாதையில் அசைந்தன. ஒரு மூட்டில் நேர்ந்த சிறு விலகலை மற்றொரு மூட்டு அப்போதைக்கப்போதே ஈடுசெய்துகொண்டிருந்தது. ஆகவே, அப்பியாசம் என்பது ஓர் அசைவை அச்சடித்தாற்போல மனத்தில் பதித்துக்கொள்வதன்று என்றும், ஒரு சிக்கலைத் திரும்பத் திரும்பப் புதிதாகத் தீர்த்துப் பழகுவதே என்றும் அவர் கூறினார். ஒற்றை வீச்சை ஆயிரம் முறை சுழற்றுபவன் ஒரே செயலை ஆயிரம் முறை செய்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவன் ஆயிரம் சிறு வேறுபாடுகளைச் சந்தித்து, ஆயிரம் முறை அவற்றைச் சமன் செய்கிறான்.

மூளைக்கு ஒரு கால அளவு இருப்பது போலவே தசைக்கும் தசைநாணுக்கும் தனித்தனிக் கால அளவுகள் உண்டு. பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் கைக்கு வலிமை கூடிவிட்டதாக மாணவன் உணர்கிறான். அது மெய்தான், ஆயினும் தசை அதற்குள் பெருத்துவிடவில்லை. இருக்கும் தசையை முன்னிலும் முழுமையாகப் பயன்படுத்த நரம்புகள் கற்றுக்கொண்டன என்பதே அதன் பொருள். மொரித்தானி, டெவ்ரீஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1979இல் இதனைத் தெளிவுபடுத்தினர். தசையின் வளர்ச்சி அதற்குப் பின்னரே கண்ணுக்குப் புலனாகும் அளவை எட்டுகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ எல்லாவற்றிலும் மெதுவானது. 1955க்கும் 1963க்கும் இடையில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த ஒருவகைக் கார்பனின் சுவட்டை வைத்து, டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் குதிகால் தசைநாணின் வயதை 2013இல் அளந்தார்கள். அதன் உட்பகுதி, ஒருவர் வளர்ந்து முடியும் 17 வயதுவரை உருவாகி, அதன்பின் ஏறக்குறைய புதுப்பிக்கப்படாமலே இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். ஒரே மாதத்தில் தசை பெற்ற வலுவைத் தசைநாண் அதே மாதத்தில் பெறுவதில்லை என்பதையும், அங்கே நேரும் காயம் ஆற நெடுநாட்கள் பிடிக்கும் என்பதையும் அறிந்தவன், ஆர்வ மிகுதியால் முதல் மாதத்திலேயே தாவவும் சுழலவும் துணியமாட்டான். தாழ்ந்த நிலையில் நின்று பழகச் சொல்லிக் காலடிகளிலேயே ஆசான் மாணவனை நெடுங்காலம் நிறுத்துவது, இந்த மெதுவான திசுக்களுக்கு அளிக்கப்படும் அவகாசமும் ஆகும்.

இத்தனையும் நடந்துகொண்டிருக்கையில், மாணவனுடைய மனம் மட்டும் அமைதியடைவதில்லை. முதல் மாதத்தில் நாளுக்கு நாள் தெரிந்த அபிவிருத்தி, பிறகு வாரத்திற்கு வாரம் என்றாகி, அதன்பின் எங்கோ நின்றுவிட்டது போலத் தோன்றுகிறது. இதுவும் விதிப்படி நிகழ்வதே. திறமையின் வளர்ச்சியை அளந்த ஆராய்ச்சிகளிலெல்லாம் பொதுவாகக் காணப்படுவது, முன்னேற்றம் தொடக்கத்தில் விரைந்தும் போகப்போகக் குறுகியும் செல்கிறது என்பதுதான். முதல் நூறு வீச்சுகளில் கிடைத்த அளவு முன்னேற்றத்தை அடுத்த நூறில் எதிர்பார்ப்பவன் ஏமாற்றமடைவான். அதே அளவு முன்னேற்றத்திற்கு இப்போது பல நூறு வீச்சுகள் தேவைப்படும்.

வளர்ச்சி சிறிது காலம் அறவே நின்றுவிட்டாற்போன்ற நிலையை, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் 1897லேயே பதிவுசெய்தார்கள். தந்தி ஒலியைக் கேட்டுச் செய்தியை எழுதக் கற்றவர்களின் வேகத்தை வாரந்தோறும் அவர்கள் அளந்தபோது, ஏறிவந்த கோடு நடுவில் பல வாரங்கள் சமதளமாகக் கிடந்து, மீண்டும் ஏறியது. தனித்தனி எழுத்துகளை இனங்காணும் பழக்கம் முற்றுப்பெற்று, முழுச் சொற்களையே ஒன்றாகக் கேட்கும் பழக்கம் இன்னும் கூடிவராத இடைக்காலமே அச்சமதளம் என்று அவர்கள் விளக்கம் தந்தார்கள். எல்லாத் தொழில்களிலும் எல்லா மனிதர்களிடமும் இத்தகைய சமதளம் தோன்றுவதில்லை என்று பின்வந்த ஆராய்ச்சிகள் கூறினாலும், அவர்களுடைய விளக்கத்தின் சாரம் சிலம்பத்திற்கு மிகப் பொருந்துகிறது. பிடியும் காலடியும் வீச்சும் தனித்தனியே கவனத்தை வேண்டும் வரையில் எதிராளியைக் கவனிக்க மனத்தில் இடமில்லை. அவை மூன்றும் ஒன்றாகி, நினையாமலே நடக்கத் தொடங்கிய பின்னரே, எதிரில் நிற்பவனுடைய தோளின் சிறு அசைவிலிருந்து அவன் கருதிய அடியை ஊகிக்கும் கலை ஆரம்பமாகிறது.

இங்கேதான் இக்கட்டுரையின் முக்கியமான கருத்துக்கு வருகிறோம். 'நான் முன்னேறுகிறேனா?' என்ற கேள்விக்கு நம் உள்ளம் தரும் விடை பெரும்பாலும் நம்பத் தகாதது. இதனை நன்கு விளக்கும் ஒரு சோதனை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் நடந்தது. கடிதங்களை இயந்திரத்தின் உதவியால் பிரிப்பதற்காகத் தட்டச்சு கற்கவேண்டியிருந்த அஞ்சல் ஊழியர்களை நான்கு குழுக்களாக்கி, ஒரு குழுவினருக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரமும், மற்றொரு குழுவினருக்கு 4 மணி நேரமும், ஏனைய இரு குழுவினருக்கு 2 மணி நேரமும் பயிற்சி கொடுத்தார்கள். பாட்லி, லாங்மன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1978இல் வெளியிட்ட முடிவு இது: நாளுக்கு 4 மணி நேரம் பயின்றவர்கள் 80 மணி நேரத்தில் எட்டிய தேர்ச்சியை, 1 மணி நேரம் பயின்றவர்கள் ஏறத்தாழ 55 மணி நேரத்திலேயே எட்டிவிட்டார்கள். பயிற்சியின் ஒவ்வொரு மணி நேரத்தையும் மிகச் சிறப்பாகப் பயன்படுத்தியவர்கள் அவர்களே. ஆயினும் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி கொண்டிருந்தவர்களும் அவர்களே! நாட்கணக்கில் பார்க்கையில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததால், தாங்கள் கற்பது குறைவென்று அவர்கள் மனம் வாடினார்கள்.

ஷே, மார்கன் என்ற இருவர் 1979இல் செய்த சோதனையும் இதனையே வேறு வழியில் காட்டுகிறது. சிறு மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் கையால் தட்டிவிடும் மூன்று அசைவுகளைச் சிலர் ஒவ்வொன்றாக முடித்துப் பழகினார்கள். சிலர் மூன்றையும் மாற்றி மாற்றிக் கலந்து பழகினார்கள். பயிற்சியின்போது முதல் வகையினரே வேகமாகச் செய்தார்கள். ஆனால் 10 நாட்கள் கழித்துச் சோதித்தபோது, தடுமாறித் தடுமாறிப் பழகிய இரண்டாம் வகையினரே சிறந்து விளங்கினார்கள். அன்றைய பொழுதில் கை சரளமாக ஓடுவது வேறு. வித்தை உடலில் தங்குவது வேறு. பழகிய வீச்சை விட்டுவிட்டுத் திடீரென்று காலடிக்கும், காலடியிலிருந்து வெறுங்கைப் பயிற்சியான குத்துவரிசைக்கும், மறுபடி பழைய வீச்சுக்கும் ஆசான் மாணவனை அலைக்கழிக்கும்போது, அவனுக்கு எரிச்சல் உண்டாவது இயல்பு. அந்த எரிச்சல் கல்விக்கு இடையூறென்று எண்ண வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்து வீடு திரும்பிய பின்னும் கற்றல் ஓய்வதில்லை. விரல்களால் ஒரு வரிசையை விரைவாகத் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு உறங்கி எழுந்தபின், இடையில் பயிற்சி ஏதும் இல்லாமலே, ஏறத்தாழ 20 விழுக்காடு வேகமாகத் தட்டியதை மாத்யூ வாக்கரும் அவருடைய தோழர்களும் 2002இல் அறிவித்தார்கள். இந்தப் பயனில் களைப்பு நீங்கியதன் பங்கும் உண்டென்று சிலர் பின்னர் வாதித்தாலும், தூக்கத்திற்கும் ஞாபகத்திற்கும் தொடர்பு உண்டென்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். அதுபோலவே, மூன்று பந்துகளை மாறிமாறி வீசிப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதங்கள் பழகியவர்களுடைய மூளையில் சில பகுதிகள் பருத்திருந்ததையும், பழக்கத்தை விட்ட மூன்று மாதங்களில் அவ்வளர்ச்சி பெருமளவு குன்றியதையும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 2004இல் கண்டார்கள். ஆகவே, விடுமுறை நாளில் ஆறு மணி நேரம் வெறியோடு சுழற்றிவிட்டு மற்ற ஆறு நாட்களும் கம்பைத் தொடாதிருப்பவனைவிட, நாள்தோறும் ஒரு மணி நேரம் பழகி, இரவில் நன்றாக உறங்குபவன் உடலின் சுபாவத்தை அறிந்தவன்.

ஆனால் பொறுமை என்பது வெறுமனே காத்திருத்தல் அன்று. காலம் மட்டுமே எவரையும் வல்லவராக்கிவிடுவதில்லை. சிரத்தையின்றிப் பத்தாண்டு சுழற்றியவனிடம் பத்தாண்டுப் பழுதே இறுகிப்போயிருக்கும். மூளைக்குப் பிழையின் செய்தி கிடைத்தால்தான் திருத்தம் நிகழும் என்று கண்டோம். எது பிழை என்றே தெரியாத நிலையில் அச்செய்தி பிறப்பதெங்ஙனம்? இதற்காகவே ஆசான் இருக்கிறார். அவர் திறமைக்கு ஓர் உதாரணம் காட்டலாம். காற்றைக் கிழித்துச் செல்லும் உருண்டையான தண்டின் பின்னே சிறு சுழல்கள் மாறிமாறிப் பிரிகின்றன. அவை எழுப்பும் ஒலியின் சுருதி தண்டின் வேகத்திற்கு ஏற்ப உயர்கிறது என்ற விதியை வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் 1878இல் கண்டறிந்தார். 2½ சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பின் நுனி நாம் முன்பு கணக்கிட்ட வேகத்தில் செல்லும்போது, விநாடிக்கு 125 அதிர்வுகளை ஒட்டிய ஆழ்ந்த முழக்கம் எழும். சுழற்சி ஒரே சீராக இருந்தால் முழக்கமும் சீராக இருக்கும். மணிக்கட்டு திரும்பும் இடத்தில் கம்பு ஒரு கணம் தயங்கினால், அந்தக் கணத்தில் சுருதி இறங்கி ஏறும். கூடத்தின் மறுமூலையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டே, 'இடப்பக்கம் மணிக்கட்டு முறிகிறது, பார்' என்று ஓர் ஆசான் சொல்லக்கூடுமானால், அவர் கேட்டது இந்த வேறுபாட்டைத்தான். சுழற்றுபவனுக்கோ அது கேட்பதில்லை. அவன் கவனம் முழுவதும் கையில் இருக்கிறது.

தன் வளர்ச்சியைத் தானே அளக்க முடியாதவனுக்கு இத்தகைய அயற்சாட்சி ஒருவர் இன்றியமையாதவர். மாணவனுடைய மனம் 'ஒன்றும் ஏறவில்லை' என்று சொல்லும் நாளிலும், சென்ற மாதத்தைவிட முழக்கம் சீர்பட்டிருப்பதை அவர் அறிவார். அவன் கர்வங்கொள்ளும் நாளிலும் காலடியில் ஒளிந்திருக்கும் குறையைக் காண்பார். அவரிடம் வைக்கும் நம்பிக்கை குருட்டு நம்பிக்கையன்று. நம் மனத்தைவிட நுட்பமான அளவுகோல் அவரிடம் இருக்கிறது என்ற தெளிவு.

குறுகிய நாட்களில் கலையனைத்தையும் கற்றுத் தருவதாகக் கூறும் விளம்பரங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், பிள்ளைகளைச் சிலம்பக் கூடத்திற்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மூன்றாம் மாதத்தில், 'தீப்பந்தம் எப்போது சுற்றுவான்? பதக்கம் எப்போது வாங்குவான்?' என்று ஆசானை நெருக்க வேண்டாம். நாள் தவறாமல் போகிறானா, ஆசான் சுட்டும் பிழையை மனம் கோணாமல் ஏற்றுத் திருத்திக்கொள்கிறானா, இரவில் போதிய அளவு உறங்குகிறானா என்ற மூன்றை மட்டும் கவனியுங்கள். இம்மூன்றும் செவ்வனே நடக்குமாயின், அவனுடைய சிறுமூளையும் தசையும் தசைநாணும் தத்தம் கதியில் தத்தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அந்த வேலையை அவசரத்தால் கெடுக்கத்தான் நம்மால் முடியும், விரைவுபடுத்த முடியாது.